ரொபர்ட்சனோ ஜோசப்போ?

2023ல நியூசிலாந்து நாட்டு ரக்பி டீமுக்கு அடுத்த ஹெட் கோச் ஆர் எண்ட கதை வரேக்க, கிரிக்கெட்டை விட்டா வேற ஒண்டும் கதைக்காத எங்கட யாழ்ப்பாண ரீக்கடையிலயும் ரெண்டு கட்சி.

ஸ்கொட் ரொபர்ட்சன் குருசேடர்ஸ் எண்ட நியூசிலாந்து கிளப்போட 2017ல இருந்து 2022 வரைக்கும் வருசத்துக்கு ஒண்டெண்டு 6 கப், வெண்டா கிரவுண்டிலயே பிரேக்டான்ஸ் வேற. ஆனா அதுவரைக்கும் வேற நாட்டு டீம் ஒண்டுக்கு ஹெட் கோச்சா நிண்டதில்ல.

ஜேமி ஜோசப் 2015ல ஹைலண்டர்ஸ் எண்ட இன்னொரு நியூசிலாந்து கிளப்புக்கு முதல் கப், பிறகு ஜப்பானைக் கொண்டுபோய் 2019 வேர்ல்ட் கப்பில அயர்லாந்தை 19-12, ஸ்கொட்லாந்தை 28-21 எண்டு சாத்தி முதல் தடவையா குவார்ட்டர் ஃபைனலுக்கு ஏத்தினவர், அந்த மட்சுகளை போனில பாத்துக்கொண்டிருந்த கடை அண்ணைக்கு பிளேன்ரீ ஆறினதும் தெரியேல்ல.

நான் ஜோசப் பக்கம்தான். ஆனா 2023 மார்ச்சில, அந்த வருச வேர்ல்ட் கப்புக்கு முதலே, ரொபர்ட்சனை அறிவிச்சிட்டினம்.