நான்கு வருடம் ஒரே கவுன்சிலிங் சென்டர்: தெரபிஸ்ட்டைப் பற்றியும் ரிசப்ஷன் அக்காவைப் பற்றியும்

2021 அக்டோபரில் முதல் தடவை போனேன். திருவான்மியூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சென்டர். ஒரு பக்கம் தனிநபர் கவுன்சிலிங். இன்னொரு பக்கம் கம்பெனி வேலை: மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பாலியல் துன்புறுத்தல் புகார் கமிட்டியில் வெளி உறுப்பினராக உட்காருவது, ஊழியர்களுக்கான கவுன்சிலிங் ஒப்பந்தம் எடுப்பது. ஓஎம்ஆரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியும் அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, ஆளுக்கு வருடத்துக்கு 6 செஷன் இலவசம். குறைகளையும் எழுதப் போவதால் சென்டரின் பெயரைப் போடவில்லை.

போன் செய்வதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அமெரிக்க கிளையன்ட்டோடு இரவு ஒன்பதரைக்கு கால், அது முடிந்து படுத்தால் மூன்று மணி வரை தூக்கம் கிடையாது, காலையில் போனில் மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். கடைசியில் ஒரு நாள் மதியம் ஆபீஸ் படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன். எடுத்த அக்கா என்ன பிரச்சினை என்று கேட்கவேயில்லை. பெயர், எந்த நேரம் வசதி, தமிழா இங்கிலீஷா, அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அவசரமா சார், இன்னைக்கே யார்கிட்டயாவது பேசணுமா?" நான் இல்லை என்றதும் சனிக்கிழமைக்குக் குறித்துக்கொண்டார். இந்த நான்கு வருடத்தில் தெரபிஸ்ட்டுகள் மாறினார்கள். அந்த அக்கா மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

முதல் நாள் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் பேசுவது வெளியே போகாது என்று அதில் இருக்கும். எப்போது போகும் என்பதும் இருக்கும்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால். கடைசியில் சொன்னதைத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். மனநல சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் நமக்கு உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் அக்கா அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். அப்புறம் 9 கேள்விகள் கொண்ட மனச்சோர்வுத் தாள். மொத்தம் 27 மதிப்பெண், கூடக் கூட மனச்சோர்வும் அதிகம் என்று அர்த்தம். எனக்கு 16 வந்தது.

முதல் தெரபிஸ்ட் எனக்குச் சரிப்படவில்லை. நல்லவர், படித்தவர், ஆனால் நான் தமிழ் என்று சொல்லியும் பேச்சு பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விடும், நானும் பின்னாலேயே போய்விடுவேன். இங்கிலீஷில் நான் ஆபீஸ் ஆள். பிராஜெக்ட் நிலவரம் சொல்வது மாதிரியே என் துக்கத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று செஷன் முடிந்தும் ஒன்றும் நகரவில்லை. நின்றுவிடலாம் என்று இருந்தபோது அக்காவே போன் செய்து, "வேற ஒருத்தர்கிட்ட மாத்தித் தரட்டுமா, அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க, இது இங்க வழக்கம்தான்" என்றார். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் நான் திரும்பப் போயிருக்க மாட்டேன்.

இரண்டாவது மேடம் மதுரைப் பக்கம். "மனசு கனமா இருக்குன்னா எங்க கனமா இருக்கு, தோள்லயா, வயித்துலயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் நாளே, செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார். கேட்டதும் பயப்படவில்லை, ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மாத்திரை எழுத முடியாது என்று சொல்லி ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வாரங்களில் தினமும் சாயங்காலம் பீச் வரை நடந்துவிட்டு வர வேண்டும், மனசு வந்தாலும் வராவிட்டாலும், என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அப்புறம் நோட்டு. பக்கத்தை மூன்றாக மடித்து, என்ன நடந்தது, அந்த நொடியில் என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதுவது. "இரவு 11.40, மேனேஜர் மெசேஜ். இப்பவே பதில் போடலன்னா வேலை போயிடும்." ஆதாரப் பத்தியில் எழுத ஒன்றுமே இல்லை. ஒரு நாளில் இது மாறிவிடவில்லை, பத்து மாதம் எழுதினேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. என் சம்பளத்தைக் கொடுக்கும் கம்பெனிதான் இந்த சென்டருக்கும் பணம் கொடுக்கிறது. அப்படியானால் உள்ளே நான் பேசுவது யாருக்குச் சொந்தம்? 2022இல் சென்டர் ஆட்கள் எங்கள் ஆபீஸுக்கே பயிற்சி நடத்த வந்தார்கள். லிஃப்ட் வாசலில் மேடமும் நானும் நேருக்கு நேர். அவர் கண்ணில் ஒரு அசைவு கூட இல்லை, யாரோ மாதிரி தாண்டிப் போனார். வெளியில் பார்த்தால் நீங்கள் முதலில் பேசினால்தான் நான் பேசுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்தான், ஆனாலும் அதை நேரில் பார்த்தபோது அவர் மேல் எனக்கு வந்த மரியாதை வேறு.

ஆனால் அதே வருடக் கடைசியில் நடந்தது நேர் எதிர். மீட்டிங்கில் ஹெச்ஆர் ஒரு அறிக்கையைக் காட்டினார்கள், எந்த டீமில் எத்தனை பேர் கவுன்சிலிங் எடுத்தார்கள் என்று. பெயர் கிடையாது. ஆனால் எங்கள் டீமே 11 பேர், அதில் 3 என்று போட்டிருந்தது. சனிக்கிழமை கால் வேண்டாம் என்று கேட்டவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது, எதுவாக இருந்தாலும் அன்று இரவு தூங்கவில்லை. தயாரித்துக் கொடுத்தது சென்டரின் கம்பெனிப் பிரிவு. தெரபிஸ்ட்டுகளுக்கு அது போனதே தெரியாது.

நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். நான்கு நாளில் சென்டரை நடத்துபவரே கூப்பிட்டு, தப்புதான் என்று ஒப்புக்கொண்டார், சமாளிக்கவில்லை. அதன் பிறகு டீம் வாரியாக எண்ணிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் தனித்தனி ஃபைல், தனித்தனி லாகின். இதை நான் பாராட்டுகிறேன், ஆனால் ஒருவர் மாட்டிக்கொண்டு புகார் கொடுத்த பிறகு செய்ய வேண்டிய காரியம் இல்லை இது. உங்கள் கம்பெனி இப்படி ஒரு வசதி தருகிறது என்றால், ஹெச்ஆருக்குப் போகும் அறிக்கையின் மாதிரியை முதல் செஷனுக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். தயங்கினால் சொந்தக் காசில் வேறு இடம் போங்கள்.

சின்ன விஷயங்களில் ரிசப்ஷன் எப்போதும் கவனமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் "நாளை மாலை 6.30" என்று மட்டும் வரும், என்ன, எங்கே என்று இருக்காது. வீட்டில் போன் மேஜை மேல் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் கிளம்பிப் படியிறங்கிய பிறகே அடுத்தவரை உள்ளே கூப்பிடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, செஷனைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். சிக்னல் வந்ததும் முதலில் வந்த கால்களில் ஒன்று அந்த அக்காவுடையது. சாப்பாடு இருக்கிறதா, மாத்திரை கையில் இருக்கிறதா என்று கேட்டார். செஷனைப் பற்றிப் பேசவேயில்லை, அந்தக் கட்டணத்தையும் பிடிக்கவில்லை.

குறைகள் வேறு என்ன? 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம். புயலுக்கு விட்டார்கள், என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றபோது விடவில்லை. சனிக்கிழமை வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருப்பு. இலவச 6 முடிந்தால் ஒரு செஷனுக்கு 1,500, இப்போது 2,000. என் இன்சூரன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் தரும், கவுன்சிலிங்குக்குத் தராது. 2024 நடுவில் மதுரை மேடம் சொந்தமாக பிராக்டிஸ் வைக்கப் போய்விட்டார். ஒரு மாதம் முன்பே சொல்லி, விடைபெற ஒரு முழு செஷன் ஒதுக்கினார். அப்படியும் புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வது களைப்பாகத்தான் இருந்தது.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்கள் 14416க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ், 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1986 முதல் ஸ்நேகா தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது. தனியாரிடம் போவதாக இருந்தால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்கள் சென்டரில் அது சுவரிலேயே மாட்டியிருக்கும்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். போன தடவை தாளில் 4 வந்தது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்காவது அந்த 24 மணி நேர விதியைத் தளர்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, "நானே ரெண்டு தடவை சொல்லிட்டேன் சார், இப்ப உங்க லெட்டரும் சேர்ந்து போகட்டும்" என்றார்.