ஸ்கிரப் டைபஸ்: டாக்ஸிசைக்ளினா, அசித்ரோமைசினா?

பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் புதர்க்காட்டில் வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல். உடம்பில் கருகிய பொருக்கு. புதர்ப் பூச்சி (மைட்) கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சலான ஸ்கிரப் டைபஸின் அடையாளம் அது. டாக்ஸிசைக்ளின் (டாக்ஸி), அசித்ரோமைசின் (அசித்ரோ) என்ற இரு ஆன்டிபயாடிக்குகளில் எதை எழுதுவது?

இதயத்துடிப்பு: டாக்ஸியால் தொந்தரவில்லை. அசித்ரோ ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீட்டலாம்; அது மிக நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறும். அமெரிக்க மருந்து ஆணையம் 2013-லேயே எச்சரித்தது. அமியோடரோன் (இதயத்துடிப்புக் கோளாறுக்கான, க்யூடியை நீட்டும் மருந்து) சாப்பிடுபவர், வாந்திபேதியில் பொட்டாசியம் இறங்கியவர் என்றால் முதலில் ஈசிஜி எடுங்கள். வாந்திக்கென்று ஆண்டான்செட்ரானையும் கைப்பழக்கத்தில் சேர்த்து எழுதிவிடுகிறோமே, அதுவும் க்யூடியை நீட்டும்.

சாப்பிடும் விதம்: டாக்ஸி 100 மி.கி. இருவேளை, நிறையத் தண்ணீரோடு, உடனே படுக்காமல். வெயில் பட்டால் தோல் கன்றலாம். வயலில் நிற்பவருக்குச் சங்கடம்தான். அசித்ரோ நாளுக்கு ஒருமுறைதான்.

கர்ப்பிணிக்கு அசித்ரோ. மற்ற பெரியவர்களுக்கு, அதுவும் இதயநோயாளிக்கு, என் பேனா டாக்ஸிக்குத்தான் போகும்.