2,12,400 ரூபாய் போய்விட்டது: வாடிக்கையாளர் பட்டியலை நிரப்பித் தரும் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

முந்தாநாள் மாலை, அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. "ஒப்பந்தப்படி பணத்தைத் திருப்பித் தர வழியில்லை" என்று ஒரே வரி. 2,12,400 ரூபாய். கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மண்ணடியில், ஆலைகளுக்கு வால்வு, கேஸ்கெட், பேரிங் விற்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு நான்கு பேர். மணலி, எண்ணூர், வியாசர்பாடி, கும்மிடிப்பூண்டி என்று பல வருடமாகச் சேர்த்த பட்டியலில் 3,400 நிறுவனங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் வெறும் பெயர்தான். கொள்முதல் பார்ப்பவர் யார், அவர் எண் என்ன, மின்னஞ்சல் என்ன, எதுவும் கிடையாது. இந்தக் காலிக் கட்டங்களை நிரப்பித் தருவதைத்தான் 'டேட்டா என்ரிச்மென்ட்' என்கிறார்கள். வருடச் சந்தா 1,80,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 32,400. வரியைக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்கிறார் ஆடிட்டர். என் வயிற்றெரிச்சலை எதில் ஈடுகட்டுவது?

விற்க வந்த இளைஞன் முதலில் "சார்" என்றுதான் பேசினான். மண்ணடி என்று சொன்னதும் நான் "அண்ணா" ஆகிவிட்டேன். "எனக்குக் கல்மண்டபம்தான் அண்ணா. நம் ஊர்க்காரரிடமே பொய் சொல்வேனா?" என்றான். நம்பினேன். ராயபுரத்துப் பையன் என்ற ஒரே காரணத்துக்காக நம்பினேன்.

"உங்களுக்குத் தெரிந்த இருபது நிறுவனங்களின் பெயரை இன்றே அனுப்புங்கள் அண்ணா, நாளை நேரலையில் காட்டுகிறேன்" என்றான். அனுப்பினேன். மறுநாள் திரையில் இருபதில் பதினெட்டு சரியாக வந்தது. மணலி ஆலை ஒன்றில் அதற்கு முந்தைய மாதம்தான் பொறுப்பேற்ற ஸ்டோர்ஸ் மேலாளரின் பெயர்கூட வந்தது. பக்கத்தில் இருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "உனக்குத் திருப்தி என்றால் சரிப்பா" என்று செக்கில் கையெழுத்துப் போட்டார். மென்பொருளை நம்பி அவர் போடவில்லை. என்னை நம்பிப் போட்டார்.

பணம் போன மறுவாரம் 3,400 பெயரையும் ஏற்றினோம். '87 சதவீதம் நிரப்பப்பட்டது' என்று காட்டியது. ஒவ்வொரு வரியாகத் திறந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றுக்கு 29 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண். தமிழ்நாட்டுக்கு 33, 29 என்பது கர்நாடகம். அதே பெயரில் பெங்களூரில் இருக்கும் வேறு யாரோ! திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றின் தொலைபேசிக்கு 044-க்குப் பிறகு ஏழே இலக்கம். சென்னை எண்கள் எட்டு இலக்கமாகி எத்தனை காலம் ஆயிற்று? கடைசியில் எங்கள் நிறுவனத்தின் பெயரையே போட்டுப் பார்த்தேன். 2019-இல் வேலையை விட்டுப் போனவர் கொள்முதல் மேலாளராம். முகவரி, நாங்கள் எப்போதோ காலி செய்த தம்புச் செட்டி தெருக் கிடங்கு. பக்கத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சைக் குறி.

மின்னஞ்சல் முகவரிகள் அதைவிட மோசம். அவை எங்கிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி ஊகித்தவை. நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? தலைப்பெழுத்துதானே. கே. செந்தில் என்பவருக்கு அப்பா பெயரை முன்னே போட்டு ஒன்று, பின்னே போட்டு ஒன்று. இது தெரியாமல் 1,900 பேருக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் 640 திரும்பி வந்தன. அதன்பின் எங்கள் முகவரியிலிருந்து போன நல்ல கடிதங்களும் ஸ்பேமில் விழத் தொடங்கின. எட்டு வருட எண்ணூர் வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட விலைப்பட்டியல் அங்கேதான் கிடந்திருக்கிறது. பதில் வரவில்லை என்று அவர் வேறிடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டார். 2,12,400-இல் இந்த நஷ்டம் சேரவில்லை.

சந்தேகம் வந்து, அந்த இருபது பெயர்களையே மறுபடி ஏற்றினேன். ஏழுதான் சரியாக வந்தது. முதல் நாளே பெயர்களைக் கேட்டு வாங்கியது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. யாரோ உட்கார்ந்து ஆலை ஆலையாகப் போன் போட்டுக் கையால் நிரப்பியிருக்கிறார்கள். வேறு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

விற்ற அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். "பார்க்கிறேன் அண்ணா" என்றான். நான்காவது முறைக்குப் பிறகு எடுக்கவே இல்லை. சேவைப் பிரிவில் புகார் எண் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் மூன்று புகார் எண்கள். ஒரு பெண்மணி, "உங்கள் பட்டியலே சுத்தமாக இல்லை சார்" என்றார். இன்னொருவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "நிரப்பப்பட்டது என்றால் கட்டம் காலியாக இல்லை என்று பொருள் சார். சரியாக இருக்கும் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லையே." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், எங்கும் இல்லை. மாதத்துக்கு இத்தனை தேடல் என்று ஒரு அளவு உண்டு; தேடிக் கிடைக்காத பெயரையும் அதில் கழித்திருந்தார்கள். மாதம் முடிந்தால் மிச்சமும் காலாவதி.

உயர் நீதிமன்றம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று தெரிந்த வழக்கறிஞரிடம் போனேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் அல்லர், சிவில் வழக்குதான் போட வேண்டும் என்றார். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். சிரித்தார்.

வாங்க நினைப்பவர்களுக்கு அவசரமாகச் சில. மாதிரிப் பெயர்களை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். அவர்கள் திரை திறந்திருக்கும்போதே சொல்லுங்கள், அதுவும் பெரிய ஆலைகளை விட்டுவிட்டுச் சின்னப் பட்டறைகளாக. முதலில் உங்கள் நிறுவனத்தையே தேடச் சொல்லுங்கள். எத்தனை சதவீதம் நிரம்பும் என்பதை விடுங்கள், எத்தனை சரி என்பதை எழுத்தில் வாங்குங்கள். எண்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. "என் எண் உனக்கு எப்படிக் கிடைத்தது" என்று ஒருவர் கேட்டால் நிற்கப் போவது நாம்தான். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. அறுபது நாள் முன்பே எழுத்தில் மறுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுமாம். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. இன்னொரு 2,12,400! கடிதம் தட்டச்சு செய்து மேசை மேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ராஜாஜி சாலைத் தபால் நிலையம் திறந்ததும் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.