ஷோனென், செய்னென், ஷோஜோ, ஜோசெய்: எதில் எதை எதிர்பார்க்கலாம்?

‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஷோனென் வகை, அதாவது பையன்களுக்கானது என்றால் பலர் நம்புவதில்லை. அரக்கர்கள் மனிதர்களைக் கடித்துத் துப்புகிற கதை பையன்களுக்கானதா என்பார்கள். ஆம், பையன்களுக்கானதுதான். காரணம் கதையில் இல்லை, அது அச்சான இதழில் இருக்கிறது. 2009 முதல் 2021 வரை அந்தத் தொடர் வந்தது கோதான்ஷா நிறுவனத்தின் ‘பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசின்’ மாத இதழில். அதே நிறுவனத்தின் ‘மார்னிங்’ வார இதழ் வளர்ந்த ஆண்களுக்கானது. ஒரு பூனைக்குட்டி வீட்டுக்குள் உருண்டு விளையாடுவதைத் தவிரப் பெரிதாக எதுவும் நடக்காத ‘ச்சீஸ் ஸ்வீட் ஹோம்’ அதில்தான் வந்தது. ஆகவே பூனைக்குட்டி செய்னென், அரக்கன் ஷோனென்.

ஷோனென் என்றால் பையன், ஷோஜோ என்றால் சிறுமி, செய்னென் என்றால் இளைஞன், ஜோசெய் என்றால் பெண். இவை நான்கும் மாங்கா இதழ்கள் யாரை நினைத்து விற்கப்படுகின்றன என்பதைச் சொல்லும் பெயர்கள். ‘ஆக்‌ஷன்’, ‘காதல்’, ‘திகில்’ மாதிரியான கதை வகைகள் அல்ல. ஐந்தாவதாகக் கொதொமோ, அதாவது குழந்தைகளுக்கானது. ‘டோரேமான்’ அந்த ரகம். அதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

அப்படியானால் இந்தப் பெயர்களால் வாசகருக்கு என்ன பயன்? கதை எதைப் பற்றியது என்று அவை சொல்லாது. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் சொல்லப்படும் என்பதை ஓரளவு சொல்லும்.

ஷோனெனா, செய்னெனா?

இதற்கு நல்ல சோதனை, ஒரே ஆசிரியர் ஒரே விளையாட்டை இரண்டு பக்கமும் எழுதியது. தகெஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் ‘ஸ்லாம் டங்க்’ எழுதினார். கூடைப்பந்துக் கதை, 31 தொகுதிகள். 1999இல் ‘யங் ஜம்ப்’ என்ற செய்னென் இதழில் ‘ரியல்’ தொடங்கினார். அதுவும் கூடைப்பந்துதான், ஆனால் சக்கர நாற்காலியில் ஆடுவது.

‘ஸ்லாம் டங்க்’ நாயகனுக்கு ஆட்டமே தெரியாது. லே-அப் கற்றுக்கொள்கிறான், பிறகு ரீபவுண்ட், பிறகு தாவி எறிவது. ஒவ்வொன்றும் ஒரு படி. கதைக்குள் கழிவதோ சில மாதங்கள்தான். கடைசிப் பெரிய ஆட்டம் மட்டும் பல தொகுதிகள் நீள்கிறது. ‘ரியல்’ கதையில் ஒருவன் எலும்புப் புற்றுநோயால் காலை இழந்தவன். ஒருவன் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன். மூன்றாமவன், தான் ஓட்டிய பைக்கில் வந்த பெண்ணை முடமாக்கிய குற்ற உணர்வோடு பள்ளியை விட்டவன். இங்கே ஒருவன் படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவதற்கே அத்தியாயங்கள் ஆகும். வெற்றி என்ற சொல்லுக்கே பொருள் வேறு. 2020 வரை வந்தவை 15 தொகுதிகள்தான். முன்னதில் 6 ஆண்டில் 31, பின்னதில் 21 ஆண்டில் 15.

இந்த வேறுபாடு ஆசிரியரின் வயதால் மட்டும் வந்ததல்ல. ஜம்ப் இதழில் ஒரு தொடருக்கு வாரம் சுமார் 19 பக்கம். வாசகர் அஞ்சலட்டையில் எந்தத் தொடர் பிடித்தது என்று எழுதி அனுப்புவார்கள், அது தொடரின் தலையெழுத்தைப் பாதிக்கும். எடுபடாத தொடர்கள் 20 வாரத்துக்குள் காணாமல் போவது அங்கே சகஜம். அதனால் ஒவ்வொரு வாரமும் கடைசிப் பக்கத்தில் ஒரு கொக்கி வேண்டும். சண்டை இழுத்துக்கொண்டே போவதற்கும், புதுப் புது எதிரி வந்துகொண்டே இருப்பதற்கும் இதுதான் வேர். ‘நட்பு, முயற்சி, வெற்றி’ என்பது அந்த இதழின் பிரபலமான தாரக மந்திரம். 1994 கடைசியில் ஒரே இதழ் 65.3 லட்சம் பிரதிகள் அச்சானது என்றால், அந்தச் சூத்திரம் எவ்வளவு வேலை செய்தது என்று புரியும்.

ஒரே தொடர் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ‘வின்லாந்த் சாகா’ உண்டு. 2005இல் ‘வீக்லி ஷோனென் மேகசின்’ இதழில் தொடங்கியது. வார வேகம் தாங்காமல் அதே ஆண்டே ‘ஆஃப்டர்நூன்’ என்ற செய்னென் மாத இதழுக்குப் போனது. பழிவாங்கப் புறப்பட்ட பையன் பிற்பாடு வாளைக் கீழே வைத்துவிட்டு வயலில் உழுகிற நீண்ட பகுதி, வார இதழில் பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அச்சிலும் அடையாளம் உண்டு. ஷோனென், ஷோஜோ இதழ்களில் கான்ஜி எழுத்துகளுக்குப் (சீனத்திலிருந்து வந்தவை) பக்கத்தில் உச்சரிப்பைச் சொல்லும் பொடி எழுத்தான ஃபுரிகானா பொதுவாக எல்லாச் சொல்லுக்கும் இருக்கும். செய்னென், ஜோசெய் இதழ்களில் பெரும்பாலும் கடினச் சொல்லுக்கு மட்டும். ஜப்பானிய மொழி கற்பவர்கள் மூலத்தில் படிக்க விரும்பினால் ஷோனெனிலோ ஷோஜோவிலோ தொடங்குவது நல்லது. அகராதியைப் புரட்டும் நேரம் குறையும். புத்தக அளவும் வேறு: ஜம்ப் தொகுதிகள் சிறியவை, ஏறக்குறைய 11 × 17 செ.மீ. செய்னென் தொகுதிகள் பெரும்பாலும் 13 × 18 செ.மீ.

ஜப்பானியக் கடைகளில் தேடுவோர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘செய்னென்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று இளைஞன். மற்றொன்று சட்டப்படி வயது வந்தவர், அந்தச் சொல் அட்டையில் இருந்தால் அது வயது வந்தோருக்கு மட்டுமான பாலியல் நூல். ஒலியை வைத்துத் தேடினால் இரண்டும் கலந்து வரும். ‘நீலம்’ என்று பொருள்தரும் எழுத்தில் தொடங்குவதுதான் நீங்கள் தேடுவது.

ஷோஜோவா, ஜோசெய்யா?

இங்கே எல்லோரும் சொல்லும் எளிய விடை: ஷோஜோவில் முதல் காதல், ஜோசெய்யில் வேலை, வாடகை, பிரிவு. பாதி உண்மை. ‘பெஸ்ஸாட்சு மார்கரெட்’ இதழில் வந்த ‘கிமி நி தொதோகே’ கதையில் பள்ளி மாணவி ஒருத்தி தன் மனத்தைச் சொல்லவே பல தொகுதிகள் ஆகும். ‘கிஸ்’ என்ற ஜோசெய் இதழில் வந்த ‘நொதாமே கந்தாபிலே’ கதையில் காதல் இருக்கிறது, ஆனால் கதையை இழுப்பது இசைக் கல்லூரி, பயிற்சி, மேடை பயம், பாரிஸ் போகும் வாய்ப்பு.

பக்க அமைப்புதான் இன்னும் நம்பகமான அடையாளம். ஷோஜோவில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும், சில நேரம் கோடே இருக்காது. மனக்குரல் பலூனுக்கு வெளியே பக்கத்தில் மிதக்கும். ஷோனென் மட்டும் படித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ‘யார் பேசுகிறார்கள்?’ என்று திணறுவார்கள். பலூனுக்குள் இருப்பதை முதலில் படித்து, மிதக்கும் வரியை நாயகியின் மனம் என்று எடுத்துக்கொண்டால் நாலைந்து அத்தியாயத்தில் பழகிவிடும். ஜோசெய்யில் கோடுகள் மெலியும், பூப் பின்னணி குறையும்.

எல்லை மீறுபவர்களும் உண்டு. ‘நானா’வைப் படித்த யாரும் ஜோசெய் என்றே சத்தியம் செய்வார்கள். வந்தது ஷோஜோ இதழான ‘குக்கி’யில். சிகா உமினோ ‘ஹனி அண்ட் குளோவர்’ கதையைப் பெண்களுக்கான இதழ்களில் எழுதிவிட்டு, ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டக்காரச் சிறுவனின் கதையான ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ தொடரை ‘யங் அனிமல்’ இதழுக்குக் கொண்டுபோனார். ரத்தம் சொட்டும் ‘பெர்செர்க்’ வந்த அதே இதழ். இரண்டும் ஒரே கையின் கோடு, ஒரே மென்மை. முதலாவது பிடித்திருந்தால் செய்னென் என்ற பெயரைக் கண்டு இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டாம்.

அனிமேவுக்கு வந்தால்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், ஒரு மாங்காவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அந்த மாங்கா வந்த இதழைத் தேடுங்கள், விடை கிடைக்கும். ‘கவ்பாய் பீபாப்’ மாதிரி நேரடியாக அனிமேவாகப் பிறந்தவற்றுக்கு இந்த நான்கு பெயர்களும் பொருந்தாது. அவற்றுக்கு ஒளிபரப்பு நேரமே நல்ல துப்பு: ஞாயிறு காலை 8.30க்கு வரும் ‘ப்ரிக்யூர்’ சிறுமிகளுக்கு, நள்ளிரவுக்குப் பின் வருபவை பெரியவர்களுக்கு.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தப் பெயர்களை நம்பவே கூடாது. ஓடிடியில் போடும் ‘யு/ஏ 13+’, ‘யு/ஏ 16+’ குறியையோ, ஆங்கிலத் தொகுதியின் பின்னட்டை வயதுக் குறியையோதான் பார்க்க வேண்டும். தமிழ்க் குரலில் நம் வீடுகளில் ஓடிய ‘ஷின்சான்’ 1990இல் பிறந்தது ‘மாங்கா ஆக்‌ஷன்’ என்ற செய்னென் இதழில். குழந்தைகள் சேனலில் போட்டபின் பெற்றோர் புகாரால் 2008இல் இந்தியாவில் தடையாகி, பிறகு வெட்டித் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது.