எக்ஸ்ஜே220: 11 ஆண்டுகள் ஓட்டிய பிறகு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எங்கள் வொர்க்ஷாப்பில் நிற்கும் வெள்ளி நிற ஜாகுவார் எக்ஸ்ஜே220, 1990களில் வந்த அந்த அதிவேக ஸ்போர்ட்ஸ் கார், என்னுடையதில்லை. அதன் சொந்தக்காரருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கிளட்ச்சை மிதிக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. மாதம் இரண்டு முறை வண்டியை வெளியே எடுத்து, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு. சாலையில் உப்புத் தூவும் பனிக்கால வாரங்கள் மட்டும் ஓய்வு. 11 ஆண்டுகளில் ஏறக்குறைய 12,000 கி.மீ. ஆகியிருக்கிறது. இன்ஜினை இறக்கி ஏற்றிய கையும் என் கைதான்.

நான் இந்த வேலையை எடுத்துக்கொண்ட புதிதில், வண்டியைப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் யாராவது ஒருவர் கிட்ட வந்து, "இதில்தானே பன்னிரண்டு சிலிண்டர் வி12 இன்ஜின் போடுவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள்?" என்று கேட்பார். இப்போது வருகிறவர்கள் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "டர்போ எங்கே இருக்கிறது, காட்ட முடியுமா?" என்கிறார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி விசையைக் கூட்டும் கருவிதான் டர்போ. அதே கார், அதே இன்ஜின். பார்க்கிறவர்களின் மனசுதான் இடம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் நியாயமானது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1988 அக்டோபரில் பர்மிங்காம் மோட்டார் ஷோவில் ஜாகுவார் ஒரு மாதிரிக் காரை நிறுத்தியது. தலைமைப் பொறியாளர் ஜிம் ராண்டிலும் அவரோடு சேர்ந்த சிலரும் வேலை நேரம் போக, சனிக்கிழமைகளில் கூடிச் செய்த கார் அது. அதனால்தான் அவர்களுக்கு 'சனிக்கிழமைக் குழு' என்று பெயர். உடலை வரைந்தவர் கீத் ஹெல்ஃபெட். 6.2 லிட்டர் வி12 இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் விசை, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். பார்த்தவர்கள் காசோலையை நீட்டினார்கள். உற்பத்தி உறுதியானதும் அறிவித்த விலை 2,90,000 பவுண்டு. முன்பணம் மட்டும் 50,000.

1992-ல் கார் கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது 3.5 லிட்டர் வி6, அதாவது ஆறே சிலிண்டர், இரட்டை டர்போ. விசை பின்சக்கரத்துக்கு மட்டும். கதவு சாதாரணமாகத் திறந்தது. விலையோ 4,70,000 பவுண்டுக்கு ஏறியிருந்தது. இடையில் பொருளாதாரம் சரிந்து, வாங்கி விற்று லாபம் பார்க்கலாம் என்று பதிவு செய்தவர்களின் கணக்கும் சரிந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதிகபட்சம் 350 என்று திட்டமிட்ட கார், 300-ஐக் கூடத் தொடாமல் நின்றுபோனது. 1993-லேயே மெக்லாரன் எஃப்1 என்ற கார் வி12 இன்ஜினோடு வந்து வேகத்தில் இதைத் தாண்டிவிட்டது. கெட்ட பெயர் நிலைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

வாங்கியவர்களின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்தால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்தக் கோபத்தோடு காரை எடைபோட்டதில், பெரியதொரு விஷயம் கண்ணில் படாமலே போனது. அந்த வி6 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980களில் ரேலி பந்தயத்தில் குரூப் பி என்ற அதிவேகப் பிரிவு இருந்த காலத்தில், மெட்ரோ என்ற சின்னக் குடும்பக் காரின் பந்தய வடிவமான மெட்ரோ 6ஆர்4-க்காக உருவான இன்ஜின் அதன் வேர். டாம் வாக்கின்ஷாவின் டிடபிள்யூஆர் என்ற பந்தய நிறுவனம் அதை எடுத்து, டர்போ பூட்டி, எக்ஸ்ஜேஆர்-10, எக்ஸ்ஜேஆர்-11 என்ற ஜாகுவார் பந்தயக் கார்களில் ஓட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் நம் காரில் இருப்பது. வி12-ஐ அன்றைய புகை விதிகளுக்குள் கொண்டுவந்து, அதே சமயம் தேவையான குதிரைத்திறனையும் எடுப்பது முடியாத காரியமாக இருந்தது. எடையும் நீளமும் வேறு. வி6 சிறியது, இலகுவானது, 542 குதிரைத்திறன் கொடுத்தது. கார் 1,470 கிலோவில் அடங்கியது. 1992-ல் இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் பந்தய ஓட்டுநர் மார்ட்டின் பிரண்டில் இதை மணிக்கு 349 கி.மீ. வரை ஓட்டினார், அந்த ஓட்டத்துக்கு மட்டும் புகை வடிகட்டியைக் கழற்றியிருந்தார்கள். நம்பி வந்தவர்களுக்கு 'மெட்ரோ இன்ஜின்' என்ற சொல் அவமானமாகப் பட்டது. இன்றைய ரசிகர்கள் அதே சொல்லைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இனி ஓட்டுவது பற்றி. உற்பத்தியில் வந்த எல்லாமே இடதுபக்க ஸ்டீயரிங். இங்கிலாந்தில் நான் உட்காருவது சாலையோரத்துப் பக்கம். கண்ணாடிகளோடு சேர்த்து 2.2 மீட்டர் அகலம். இருபுறமும் செடிவேலி மண்டிய கிராமத்துச் சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பார்ப்பது கிட்டத்தட்ட யூகம்தான். பவர் ஸ்டீயரிங் கிடையாது; நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை சொல்லும். நகர்ந்துவிட்டால் அதே ஸ்டீயரிங் உள்ளங்கைக்குச் சாலையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்தையும் எடுத்துச் சொல்லும். ஓட்டுநர் கதவிலும் நாலு சின்ன மீட்டர்கள் வட்ட வட்டமாக இருக்கும். அவற்றைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். பார்க்கிறேனோ இல்லையோ, அவை எனக்குப் பிடிக்கும்.

காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் காதுக்கு இனிமையாக இருக்காது. சரளைக் கல்லை டிரம்மில் போட்டு உருட்டுவதுபோல ஒரு சத்தம். இத்தாலியக் கார்களின் பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் இதைக் கேட்டே முகம் சுளித்திருப்பார்கள். முதல் ஒரு வருஷம் எனக்கும் அந்தச் சத்தம் ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது, இந்த இன்ஜின் பேசுவது மூன்றாவது கியரில். ஆக்ஸிலேட்டரை அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். டர்போ மூச்சு இழுக்கும் ஒலி முதுகுக்குப் பின்னால் ஏறும். அப்புறம் 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துத் தள்ளுவதுபோல வண்டி பாயும். அந்தக் காத்திருப்பைத்தான் அன்றைக்குக் குறை என்றார்கள். இன்றைய கார்களில் காலை வைத்ததும் பிக்கப் வந்துவிடுகிறது. காத்திருந்து வாங்கும் அந்தப் பாய்ச்சல் எதிலும் கிடைப்பதில்லை. வளைவுக்கு முன்பே கணக்குப் போட்டு மிதிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கற்றுக்கொண்ட பிறகு மற்ற வண்டிகள் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கின்றன.

வேகத்தில் இது வேறு பிராணி. வாடகைக்கு எடுத்த பழைய விமான ஓடுதளம் ஒன்றில் ஒருமுறை மணிக்கு 240 கி.மீ. வரை போனேன். பெரிய இறக்கை எதுவும் பின்னால் இல்லை. வண்டிக்கு அடியில் ஓடும் காற்றையே பயன்படுத்தித் தரையோடு அழுத்திக்கொள்ளும் அமைப்பு. சாலைக் காரில் இதை வேண்டுமென்றே செய்த முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று. வேகம் ஏற ஏற வண்டி அமைதியானது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை தளர்ந்ததை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன்.

பிரேக்கை மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. இவ்வளவு வேகத்துக்கு இந்தப் பிரேக் போதாது என்று அந்தக் கால விமர்சகர்கள் எழுதினார்கள், அது சரிதான். சூடேறாத பிரேக்கை நம்பி யாரும் ஒட்டிப் போகக் கூடாது. இப்போது ரசிகர்கள் அன்பு மிகுதியில் "அதுவும் ஒரு தனித்தன்மை" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. டிக்கியில் ஒரு பை வைத்தால் நிறைந்துவிடும். ஏசி இருக்கிறது, தோல் இருக்கைகள் நீண்ட பயணத்துக்கு உண்மையிலேயே சுகமானவை. பின்விளக்குகள் ரோவர் 200 காரிலிருந்து எடுத்தவை. தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும், எனக்கு உறுத்தவில்லை.

பராமரிப்பு பற்றித்தான் வாங்க நினைப்பவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பந்தயக் கார்களில் இருப்பதுபோன்ற ரப்பர் பை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதற்கு ஆயுள் உண்டு. இருக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பதால், மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை இறக்கியாக வேண்டும். இறக்கியபோதே டைமிங் பெல்ட், குழாய்கள், கிளட்ச் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். "5,000 கி.மீ.தான் ஓடியது, ஷெட்டிலேயே நின்றது" என்று யாராவது பெருமையாக விற்க வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நின்ற வண்டிதான் செலவு வைக்கும். டயரும் ஒரு பெரிய தலைவலியாக இருந்தது. பின்சக்கரத்துக்கு 345 மி.மீ. அகலம், அந்த அளவில் நல்ல டயர் கிடைக்காமல், காய்ந்துபோன பழைய டயரிலேயே பல கார்கள் நின்றன. அப்படிப்பட்ட டயரோடு ஓட்டிப் பார்த்து, "கார் வழுக்குகிறது" என்று எழுதியவர்களும் உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் இந்தக் காருக்கென்றே மறுபடி டயர் செய்ய முன்வந்தது இதன் மறுவாழ்வில் பெரிய திருப்பம். புது டயர் மாட்டி முதல் மழையில் ஓட்டியபோது, இத்தனை வருஷம் நான் வேறு காரை ஓட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் சொந்தக்காரர் பழைய வி12 ஜாகுவார் பிரியர். 1992-ல் இந்தக் காரைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "ஆறு சிலிண்டருக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள்" என்று நண்பர்களிடம் சொன்னவர். 2000களின் தொடக்கத்தில், யாரும் சீந்தாமல் விலை ஒன்றரை லட்சம் பவுண்டுக்குள் கிடந்தபோது, சும்மா ஓட்டிப் பார்க்கப் போய் வாங்கிவிட்டார். இன்று விலை பல மடங்கு. விற்கச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்புகளை அவர் எடுப்பதில்லை.

வரும் மாதம் டேங்க் மாற்ற வேண்டிய முறை. இன்ஜினை இறக்கினால் ஆறு வாரமாவது வண்டி ஓடாது. அதற்கு முன் ஒருமுறை தன்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து மேட்டுச் சாலை வரை போய்வரச் சொன்னார். "மூன்றாவது கியரிலேயே விடுங்கள், அவசரப்பட்டு நாலாவதுக்கு மாற்ற வேண்டாம்," என்றார். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.