ஏ3 அச்சுக்கு எது: 300 டிபிஐ முழு ரெண்டரா, 150-இல் எடுத்துப் பெரிதாக்குவதா?

மேடை ஒளியமைப்பைக் கணினியில் உருவாக்கும் படத்தை (ரெண்டர்) அச்சிடுவது பற்றிய கேள்வி இது. ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 4961 x 3508 பிக்சல். 150 என்றால் 2480 x 1754. இரண்டாவதில் பிக்சல் கால் பங்குதான், ரெண்டர் நேரமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டிபிஐ எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் விவரம் எதுவும் கூடிவிடாது, பிக்சலைப் பாருங்கள்.

புகையில் விரியும் ஒளிக்கற்றைக்கு 150 தாராளம். அதன் ஓரமே மங்கலானது. டிரஸ் (விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டகம்) குழாய், தொங்கும் கேபிள், தரையில் விழும் கோபோ (விளக்கினுள் வைக்கும் வடிவம் வெட்டிய தகடு) வடிவம் ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும். பெரிதாக்கிய படத்தில் சாய்ந்த டிரஸ் கம்பி படிக்கட்டு போல உடையும், இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகும். அந்த இரைச்சலை மறைக்க டீநாய்சரை (இரைச்சல் நீக்கியை) கூட்டினால் கோபோவின் இலை நரம்புகள் வழிந்துபோகும். சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிடும் எண்ணிக்கையை) கூட்டுவதே இரைச்சலுக்குச் சரியான வழி.

கையில் வைத்துப் பார்க்கும் தாளுக்கு 300-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்கு 150 போதும். ஃபிக்சர் (விளக்கு) எண்களை ரெண்டரில் சேர்க்காமல், பிறகு வெக்டர் எழுத்தாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எழுத்தாக) வையுங்கள்.

கற்றையில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ரெசல்யூஷனைக் குற்றம் சொல்ல வேண்டாம். 8-பிட்டில் (நிறப்படிகள் குறைவாக) சேமித்ததோ, வால்யூம் ஸ்டெப் (புகைக்குள் ஒளியைக் கணக்கிடும் இடைவெளி) அகலமாக இருப்பதோதான் காரணம். 16-பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். அடர் நீலம் சிஎம்ஒய்கே (அச்சில் பயன்படும் நான்கு நிற) மையில் மங்கும். அச்சுக்கு அனுப்புமுன் சாஃப்ட் புரூஃப் (அச்சு நிறம் எப்படி வரும் என்று திரையில் காட்டும் முன்னோட்டம்) பார்த்துவிடுங்கள்.