டேலியில் பிழைத் திருத்தம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஜவுளி வியாபாரிகள் சிலருக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். கைப்பேரேட்டிலிருந்து டேலி என்னும் கணக்கு மென்பொருளின் ஈஆர்பி 9 பதிப்புக்கும் பின்னர் டேலி பிரைமுக்கும் மாறிய அனுபவத்தில், பிழைத் திருத்தத்தைப் பற்றி மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கைப்பேரேட்டில் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைக் கூட்டி ஒப்பிடும் பட்டியல்) ஒட்டாவிட்டால் பிழை இருப்பது உடனே தெரிந்துவிடும். வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் 45,360 என்பது 54,360 என்று இலக்கம் இடம்மாறி ஏறியிருக்கலாம். 2,700 வித்தியாசம் வந்தால் 1,350-ஐப் பக்கம் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்போம். எதுவும் அகப்படாதபோது, வேறுபாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அநாமத்துக் கணக்கு இருக்கவே இருக்கிறது. டேலியோ பற்றும் வரவும் சமமாகாத வவுச்சரை (பதிவுச் சீட்டை) ஏற்பதே இல்லை. ஆகவே, தொடக்க இருப்பில் கோளாறு இருந்தாலொழிய, இருப்பாய்வு எப்போதும் ஒட்டியே நிற்கும். இதைக் கண்டு நிம்மதியடையும் முதலாளிகள் உண்டு. எனக்கோ தேடலுக்கான முதல் தடயமே போய்விட்டதாகத் தோன்றுகிறது.

இப்போது அதிகம் அகப்படுவது ஆள் மாறி ஏறிய தொகைதான். ஒரே பெயரில் ஒருவர் டிரேடர்ஸ், இன்னொருவர் ஏஜென்சீஸ் என்று இருந்தால், பட்டியலில் முதலில் வரும் பெயரையே விரல் தட்டிவிடுகிறது. ஒரு கடையில் டிரேடர்ஸ் கொடுத்த 32,000 ரூபாய் ஏஜென்சீஸ் கணக்கில் வரவாகியிருந்தது; கடனாளிகள் பட்டியலில் ஏஜென்சீஸுக்கு வரவு இருப்பு நின்றதே அதைக் காட்டிக்கொடுத்தது. ஏஜென்சீஸின் லெட்ஜரிலிருந்து (பேரேட்டுக் கணக்கிலிருந்து) என்டர் தட்டி அந்த ரசீது வவுச்சருக்குள் போய்ப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எந்த பில்லுக்கு எதிரான பணம் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் லெட்ஜர் இருப்பு சரியாகிவிடும், நிலுவைப் பட்டியலில் அந்த பில் அப்படியே கிடக்கும்.

செலவைச் சொத்தாக எழுதிவிடுவது போன்ற விதிப்பிழைக்கு, வவுச்சரையே திறந்து மாற்றும் இந்தக் குறுக்குவழி எப்போதும் உதவாது. தறி மோட்டார் பழுதுபார்த்த 18,500 ரூபாய் இயந்திரக் கணக்கில் ஏறி, 15 சதவீதத் தேய்மானமும் எழுதி ஆண்டுக்கணக்கை முடித்தாகிவிட்டதென்றால், பழைய வவுச்சரைத் தொடவே கூடாது. தொட்டால் கையெழுத்திட்ட ஐந்தொகையும் (ஆண்டிறுதிச் சொத்து, பொறுப்பு அறிக்கை) கணினியில் உள்ளதும் வேறு வேறாகிவிடும். நடப்பு ஆண்டில் எஃப்7 விசையைத் தட்டி ஜர்னல் (சரிக்கட்டும் பதிவு) போட்டு, கூடுதலாகக் கழித்த 2,775 ரூபாய்த் தேய்மானத்தையும் சேர்த்துச் சரிசெய்வதே முறை. ஜிஎஸ்டி கணக்குத்தாக்கல் முடிந்த மாதத்தின் விற்பனை பில்லுக்கும் இதே கட்டுப்பாட்டை வைத்திருக்கிறேன்: ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனை விவரப் படிவத்தின் திருத்த அட்டவணை வழியாகவோ, பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் வழியாகவோதான் திருத்தம், அதுவும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள்.

பயனர் வாரியாகப் பின்தேதிப் பதிவைத் தடுக்கும் வசதியை எல்லாக் கடைகளிலும் அமைத்துவிட்டேன். பில் போடுபவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக் வசதி கொண்ட மென்பொருள் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குச் சட்டப்படி கட்டாயம். தனிநபர் வணிகத்துக்கும் கூட்டாண்மைக்கும் அந்த விதி இல்லை என்றாலும், நான் அவற்றிலும் அதை அணைத்து வைப்பதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது காட்டும். ஏன் மாற்றினார் என்பதைக் காட்டாது. ஆகையால் ஒவ்வொரு திருத்த ஜர்னலின் விவரக்குறிப்பிலும் மூல வவுச்சர் எண்ணையும் தேதியையும் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். தணிக்கையாளர் கேள்வி கேட்கும் நாளில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது.